ஆய்வுக் கேள்வி எங்கே பிறக்கிறது? – வாசகர் கேள்வி, பதில்

மேலாண்மைத் துறையில் எழுதப்படும் ஆய்வேடுகள் பலவும் படிப்பாரின்றி அடுக்கிலேயே உறங்குவது ஏன் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்த அன்றே அவற்றில் பலவற்றின் கதி முடிவாகிவிடுகிறது என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை விரித்துச் சொல்லும்படி வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டு மாணவி. அடுத்த பருவத்துக்குள் தலைப்பைப் பதிவு செய்தாக வேண்டும் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். ஊழியர் மனநிறைவு, தலைமைப் பண்பு, வாடிக்கையாளர் விசுவாசம் என்று எதைத் தொட்டாலும் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் ஏற்கெனவே வந்திருக்கின்றன. பெயர்பெற்ற ஆய்வாளர்கள் எப்படித்தான் தலைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் தலைப்புகள். அவற்றுக்குள் கேள்வி என்று எதுவும் இன்னும் முளைக்கவில்லை. ஊழியர் மனநிறைவு என்பது ஒரு பெரிய வயலின் பெயர் போன்றது. அந்த வயலில் எந்த மூலையில் நின்று எதற்காகத் தோண்டப்போகிறோம் என்று தெரியாத வரையில், எல்லா இடத்தையும் யாரோ தோண்டிவிட்டுப் போனதாகவே கண்ணுக்குத் தோன்றும். எனவே தலைப்பைத் தேடுவதைச் சற்று நிறுத்திவைத்துவிட்டு, உங்களைக் குழப்புகிற ஒன்றைத் தேடத் தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை.

இதற்கு நிறுவனங்களில் முடிவுகள் எடுக்கப்படும் விதத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமனின் அனுபவத்தைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. 1935-இல், சிகாகோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, மில்வாக்கி நகரத்தின் பொது விளையாட்டிடங்கள் எப்படி நிர்வகிக்கப்படுகின்றன என்று பார்த்துவர அவர் சென்றார். அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. அங்கே பள்ளி வாரியமும் நகரப் பொதுப்பணித் துறையும் சேர்ந்து அந்த இடங்களைப் பார்த்துக்கொண்டன. இருக்கிற பணத்தில் எவ்வளவைத் திடல்களின் பராமரிப்புக்கும் எவ்வளவைக் குழந்தைகளின் விளையாட்டை மேற்பார்வையிடும் ஆட்களுக்கும் செலவிடுவது என்பதில் இரு தரப்பும் ஓயாமல் முரண்பட்டன. சைமன் படித்திருந்த பொருளாதாரப் பாடமோ, இரண்டு செலவுகளிலும் கடைசியாகப் போடும் பணத்தால் கிடைக்கும் பயனை ஒப்பிட்டுச் சமன்செய்துவிட்டால் தீர்ந்தது என்று கற்பித்திருந்தது. அப்படி ஒருவரும் அங்கே கணக்குப் போடவில்லை. போட முடியும் என்று நினைத்ததாகவும் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தம் துறையின் கண்ணால் மட்டுமே பார்த்தார்கள். ஏன் இப்படி என்ற அந்தச் சிறு குழப்பத்தை அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். மனிதரின் பகுத்தறிவு எல்லைக்குட்பட்டது, கிடைக்கும் தகவலையும் கவனத்தையும் கொண்டு போதுமான ஒரு முடிவைத்தான் நிறுவனங்களில் எடுக்க முடிகிறது என்ற அவருடைய கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1978-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ‘நகரப் பூங்கா நிர்வாகம்’ என்று தலைப்பை மட்டும் எழுதிப் பார்த்தால், அதற்குள் இவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

இது ஒருவரின் நற்பேறு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜான் கேம்ப்பெல், ரிச்சர்ட் டாஃப்ட், சார்லஸ் ஹுலின் ஆகிய மூவரும் ஆய்வுக் கேள்விகள் உருவாகும் விதம் பற்றி 1982-இல் ஒரு நூலை வெளியிட்டார்கள். அனுபவமுள்ள ஆய்வாளர்களிடம், நீங்கள் செய்ததில் பெரிதும் பயன்பட்ட ஆய்வு எது, அவ்வளவாக ஒன்றுமில்லாமல் போன ஆய்வு எது, இரண்டும் எப்படித் தொடங்கின என்று கேட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பயன்பட்ட ஆய்வுகள், களத்திலும் சக ஆய்வாளர்களிடையிலும் இடைவிடாமல் நடமாடியவர்களிடம், பல இழைகள் ஒன்றாக வந்து சேர்ந்த ஒரு தருணத்தில் பிறந்திருந்தன. அவற்றின் தொடக்கத்தில் தெளிவைவிட உள்ளுணர்வும் ஆர்வமுமே மிகுந்திருந்தன. ஒன்றுமில்லாமல் போனவையோ கையருகே தரவு கிடைத்தது, ஒரு புள்ளியியல் முறையைப் பயன்படுத்திப் பார்க்கும் ஆசை வந்தது, ஒரு கட்டுரை வெளியிட்டாக வேண்டியிருந்தது போன்ற வசதியான காரணங்களால் தொடங்கியிருந்தன. தலைப்பைப் பதிவு செய்யும் நாள் நெருங்க நெருங்க இந்த இரண்டாம் வகைக் காரணங்கள்தான் நம் காதருகே வந்து பேசும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் செய்யக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். அடுத்த ஆறு வாரங்களுக்கு, கட்டுரை படிக்கும் நேரத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டு, ஏதேனும் ஒரு பணியிடத்தில் அனுமதி பெற்று உட்காருங்கள். படித்ததற்கு மாறாக நடப்பது எது என்று நாளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். அந்தப் பக்கங்களில் மூன்று முறையாவது திரும்ப வருகிற வியப்பு ஒன்று இருக்கும்.

கேள்வி: ‘ஆய்வு இடைவெளியைக் கண்டுபிடி’ என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். யாரும் செய்யாத ஒன்றைக் கண்டுபிடித்தால் போதாதா?

பதில்: போதாது. ஒரு வேலையை இதுவரை யாரும் செய்யாமல் விட்டதற்கு, அதைச் செய்ய வேண்டிய தேவையே எழவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம். ஒரு துறையில் செய்த ஆய்வை வேறொரு துறைக்கு மாற்றி, ஐந்து காரணிகளோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்து, ‘இது முன்பு ஆராயப்படவில்லை’ என்று முன்னுரையில் எழுதிவிட முடியும். அது பொய்யாகாது. ஆனால் அதைப் படித்து முடித்தவருக்கு உலகம் முன்பு தெரிந்தபடியேதான் தெரியும்.

மாட்ஸ் அல்வெசன், யோர்கன் சான்ட்பெர்க் இருவரும் 2011-இல் இதைக் குறித்து விரிவாக எழுதினார்கள். இருக்கும் ஆய்வுகளின் இடைவெளிகளை நிரப்பிக்கொண்டே போகும் பழக்கம், அந்த ஆய்வுகள் எதன்மேல் நிற்கின்றனவோ அந்த அனுமானங்களைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை மங்கச் செய்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1971-இல், மரி டேவிஸ் என்ற சமூகவியலாளர், ஒரு கோட்பாடு பேசப்படுவது அது உண்மையாக இருப்பதால் மட்டுமன்று, படிப்பவர்கள் உறுதியாக நம்பிக்கொண்டிருந்த ஒன்றை அது மறுப்பதால்தான் என்று எடுத்துக்காட்டியிருந்தார். டேவிஸின் கருத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வியப்பூட்டுவதையே குறியாகக் கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வியப்பு உண்மையின்மேல் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஒன்றைக் காட்டுகிறேன். மேலாளரின் வேலை திட்டமிடுவது, ஒழுங்கமைப்பது, ஒருங்கிணைப்பது, கட்டுப்படுத்துவது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஃபயோல் 1916-இல் எழுதியதிலிருந்து பாடநூல்கள் அதையே சொல்லி வந்தன. மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகளை, ஆளுக்கு ஒரு வாரம் என்று, உடனிருந்து கவனித்தார். கடிதம், தொலைபேசி, எதிர்பாராமல் வந்து நிற்பவர்கள், நடைபாதைப் பேச்சு என எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டார். அவர்கள் செய்தவற்றில் பாதி ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாகவே நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அமைதியாக அமர்ந்து திட்டமிடும் மேலாளர் என்ற படம் 1973-இல் வெளிவந்த அவருடைய நூலில் கலைந்துபோனது. மேலாளரைப் பற்றி எழுதியவர்கள் ஏராளமாக இருந்தார்கள், ஆகவே இதை இடைவெளி என்று சொல்ல முடியாது. எல்லோரும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஓர் அனுமானம் அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் தொழிற்சாலை நிர்வாகத்தில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். மேலாண்மை ஆய்விதழ்களைப் புரட்டினால், எங்களை இரவில் தூங்கவிடாமல் செய்த எதுவும் அவற்றில் இல்லை. பேராசிரியர்கள் எங்களைக் கேட்டுத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாதா?

பதில்: உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்க மேலாண்மைக் கழகத்தின் தலைவராக இருந்த டொனால்ட் ஹாம்ப்ரிக் 1993-இல் ஆற்றிய தலைமை உரையில் இதையே தம் சக ஆய்வாளர்களிடம் சொன்னார். ஆண்டுக்கொருமுறை கூடி நமக்குள்ளேயே பேசுகிறோம், மற்ற நாள்களில் ஒருவர் கட்டுரையை ஒருவர் படிக்கிறோம், அடுத்த கூட்டத்தில் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம் என்ற பொருள்பட அவர் மனம் நொந்து பேசினார்.

இந்த நிலை வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1959-இல் ஃபோர்டு அறக்கட்டளையும் கார்னெகி நிறுவனமும் ஆதரித்த இரண்டு அறிக்கைகள் அமெரிக்காவில் வெளிவந்தன. வணிகக் கல்லூரிகளின் பாடங்கள் தொழில் பயிற்சியைப் போல ஆழமின்றி இருக்கின்றன, பொருளாதாரம், புள்ளியியல், உளவியல் ஆகியவற்றின்மேல் நிற்கும் அறிவியல்பூர்வமான ஆய்வு தேவை என்று இரண்டும் கடுமையாகச் சொல்லின. அந்தக் குறை அன்றைக்கு உண்மையாகவே இருந்தது. கல்லூரிகளும் திருத்திக்கொண்டன. ஆனால் ஆய்வின் தரத்தை யார் அளப்பது என்ற இடத்தில், மெல்ல மெல்ல, ஆய்விதழின் பெயரே அளவுகோலாகிவிட்டது. டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 24 ஆய்விதழ்களின் பட்டியலைக் கொண்டு வணிகக் கல்லூரிகளின் ஆய்வை வரிசைப்படுத்துகிறது. ஃபைனான்சியல் டைம்ஸ் இதழின் பட்டியலில் 50 ஆய்விதழ்கள் இருக்கின்றன. பணி நிரந்தரமாக வேண்டிய ஓர் இளம் பேராசிரியருக்குக் குறிப்பிட்ட சில ஆண்டுகளே தரப்படுகின்றன. அதற்குள் இந்தப் பட்டியல்களில் உள்ள இதழ்களில் சில கட்டுரைகளாவது வர வேண்டும். அந்த இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் முதலில் கேட்பது, கோட்பாட்டுக்கு நீ புதிதாகச் சேர்த்தது என்ன என்பதுதான். உங்கள் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட் ஏன் எப்போதும் தடுமாறுகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு அவர் ஓராண்டு உங்களோடு செலவிட்டால், அவருடைய வேலைக்கே உத்தரவாதம் இல்லை.

ஒன்றுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டே வேறொன்றை எதிர்பார்ப்பது அறியாமை என்று ஸ்டீவன் கெர் 1975-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை நிறுவனங்களைப் பற்றியது. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் பல்கலைக்கழகமும் ஒன்று. நல்ல கற்பித்தலை எதிர்பார்த்துக்கொண்டு ஆய்வு வெளியீட்டுக்கு மட்டும் வெகுமதி தருகிறார்கள் என்று அன்றே சுட்டினார். தலைப்புத் தேர்வையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனி மனிதரின் ஆர்வத்தைக் குறைசொல்வதற்கு முன், அவருக்கு எதற்குப் பதவி உயர்வு தருகிறோம் என்று கேட்பதே நேர்மை. சில இடங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனில் 2014-இல் நடந்த தேசிய ஆய்வு மதிப்பீட்டில், கல்விக்கூடத்துக்கு வெளியே ஆய்வு ஏற்படுத்திய விளைவுக்கு 20 சதவீத மதிப்பெண் தரப்பட்டது. 2021-இல் அது 25 சதவீதமானது. கட்டுரை வந்த இதழின் பெயரைக் கொண்டு ஆய்வாளரை அளக்கக் கூடாது என்ற சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012-இல் உருவானது.

ஒன்றை மட்டும் உங்களிடம் மறுத்துச் சொல்ல அனுமதியுங்கள். மேலாளரைக் கேட்டு எல்லாத் தலைப்பையும் தேர்ந்தெடுத்தால், இன்றைக்கு வலிக்கிற இடத்தை மட்டுமே ஆய்வு தொடும். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1931–32-இல் ஓர் உதவித்தொகையோடு அமெரிக்கத் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தபோது, விலையே எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் என்றால் நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வியை மனத்தில் வைத்திருந்தார். எந்த மேலாளரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார். சந்தையைப் பயன்படுத்துவதற்கே ஒரு செலவு இருக்கிறது என்ற அவருடைய விடை 1937-இல் கட்டுரையாக வந்தது. எதை நாமே செய்வது, எதை வெளியே கொடுப்பது என்று இன்று மேலாளர்கள் யோசிக்கும்போதெல்லாம் அந்த விடைதான் அடியில் இருக்கிறது. கேள்வி அவருடையது, பார்த்த இடம் தொழிற்சாலை. இந்தச் சேர்க்கைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேள்வி: நெறியாளர் தம்முடைய தலைப்பையே எனக்கும் கொடுக்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். வயல் அவருடையதாக இருக்கட்டும், கேள்வி உங்களுடையதாக இருக்க வேண்டும். நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் சேர்வதால் தரவும் வழிகாட்டலும் எளிதில் கிடைக்கும். ஆறு மாதம் கழித்தும் ‘இந்த விடை தெரிந்தால் எனக்கு என்ன?’ என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையென்றால், அவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அந்தக் கட்டத்தில் மாறுவது எளிது. மூன்றாம் ஆண்டில் மாறுவது எல்லோருக்கும் துன்பம்.

கேள்வி: முதலில் தரவைப் பிடி, கேள்வி தானே வரும் என்கிறார் என் நண்பர். நிதித் துறையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். இது தவறா?

பதில்: முழுவதும் தவறு என்று சொல்ல மாட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட பங்கு விலை ஆய்வு மையம், பல்லாண்டுப் பங்கு விலைகளைக் கணினியில் ஏற்றித் தந்த பிறகுதான் நிதியியலின் பல கேள்விகளைக் கேட்கவே முடிந்தது. நல்ல தரவு ஒரு தொலைநோக்கியைப் போன்றது. அது கிடைத்தவுடன் முன்பு தெரியாத பொருள்கள் கண்ணில் படும்.

தரவை யோசித்துத் தேர்ந்தெடுப்பதும் ஒரு கலை. கிளேட்டன் கிறிஸ்டென்சன், முன்னணி நிறுவனங்கள் ஏன் வீழ்கின்றன என்ற கேள்விக்குக் கணினியில் தகவலைச் சேமிக்கும் வட்டு இயக்கிகளைத் தயாரிக்கும் தொழிலை எடுத்துக்கொண்டார். மரபியல் அறிஞர்கள் மனிதரை விட்டுவிட்டுப் பழ ஈக்களை ஆராய்வதற்கு, அவற்றின் தலைமுறைகள் மிக விரைவாக வந்து போவதே காரணம் என்றும், தொழில் உலகின் பழ ஈ வட்டு இயக்கித் தொழில்தான் என்றும் நண்பர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். அந்தத் தொழிலில் நிறுவனங்கள் எழுவதும் விழுவதும் சில ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். கேள்வி முதலில் இருந்தது. அதற்கேற்ற தரவு எங்கே விரைவாகக் கிடைக்கும் என்ற யோசனை அடுத்து வந்தது. 2002-இல் அமெரிக்காவில், நிறுவனங்களின் நிதி அறிக்கைகளைக் கட்டுப்படுத்தும் சர்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம் வந்தபோது கணக்கியல் ஆய்வாளர்கள் கூட்டமாக அதை நோக்கித் திரும்பியதும் இதே காரணத்தால்தான். சட்டம் சில நிறுவனங்களை முன்னதாகவும் சிறிய நிறுவனங்களைப் பின்னரும் கட்டுப்படுத்தியதால், இரு தரப்பையும் ஒப்பிட்டு, ஒழுங்குமுறை என்ன செய்கிறது என்று பார்க்க வழி பிறந்தது.

நண்பரின் யோசனை எந்த இடத்தில் தடம்புரளும் என்றும் சொல்லிவிடுகிறேன். தரவு கணினியில் இருக்கிறது, நூறு உறவுகளை ஓட்டிப் பார்க்கிறோம், ஐந்து உறவுகள் ‘இது தற்செயலன்று’ என்ற புள்ளியியல் முத்திரையோடு வெளிவருகின்றன. உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும் தற்செயலாகவே நூற்றில் ஐந்து அப்படி வரும் என்பது, அந்த முத்திரைக்கு வழக்கமாக வைக்கும் ஐந்து சதவீத அளவுகோலின் பொருளிலேயே அடங்கியிருக்கிறது. பிறகு, அந்த ஐந்தையும் முன்கூட்டியே ஊகித்திருந்ததைப் போலக் கருதுகோள்களை எழுதுகிறோம். முடிவு தெரிந்த பின் கருதுகோள் எழுதும் இந்தப் பழக்கத்தை நார்பர்ட் கெர் 1998-இல் பெயரிட்டு எச்சரித்தார். ‘தரவில் தேடினேன், இது கண்ணில் பட்டது, புதிய தரவில் மீண்டும் சோதிக்க வேண்டும்’ என்று எழுதுவதில் எந்த இழிவும் இல்லை. அப்படி எழுதப்பட்ட கட்டுரையை நான் மிகுந்த மதிப்போடு படிப்பேன்.

தரவுத்தளங்களில் இருப்பவை பெரும்பாலும் பங்குச் சந்தையில் பதிவான பெரிய நிறுவனங்கள் என்பதும் கவனத்துக்குரியது. குடும்பத் தொழில்கள், சிறு கடைகள், பதிவேடே இல்லாத தொழில்கள் ஆகியவற்றில் உழைப்பவர்கள் உலகில் ஏராளம். அவர்களைப் பற்றிய கேள்விகள் எழாமல் போவதற்கு, அவை முக்கியமில்லை என்பது காரணமாகாது. அவர்களுக்கென்று ஒரு தரவுக் கோப்பு இல்லை.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதினால் உடனே வெளியாகும் என்கிறார்கள். தலைப்பை அதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மேலாண்மையில் உத்திகளும் ஆடைகளைப் போலவே மாறி மாறி வருவதை எரிக் ஆபிரகாம்சன் 1996-இல் ஆராய்ந்து எழுதினார். 1980-களில், ஊழியர்கள் சிறு குழுக்களாகக் கூடி வேலையின் தரத்தை மேம்படுத்தப் பேசும் தர வட்டங்கள் இல்லாத நிறுவனமே இல்லை என்னும் நிலை இருந்து, பிறகு பேச்சு சட்டென்று ஓய்ந்தது. முனைவர் பட்டத்துக்கு நான்கைந்து ஆண்டுகள், கட்டுரை மதிப்பீட்டுக்கு மேலும் ஓரிரண்டு ஆண்டுகள் என்று கணக்கிட்டால், இன்றைக்குச் சூடாக இருக்கும் கருவி நீங்கள் எழுதி முடிக்கும்போது வேறு வடிவம் எடுத்திருக்கும்.

உங்கள் கேள்வியிலிருந்து ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘புதிய கருவி’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். ‘தான் சரிபார்க்க முடியாத ஓர் ஆலோசனைக்கு ஊழியர் எப்போது கீழ்ப்படிகிறார், எப்போது மறுக்கிறார்?’ என்ற கேள்வி அப்போதும் உயிரோடு இருக்கும். ‘மேலாளர்கள் அதைப் பற்றி என்ன மனப்பான்மை கொண்டிருக்கிறார்கள்?’ என்ற கேள்வி காற்றில் கரைந்துவிடும். முதல் வகை உங்களிடம் இருந்தால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனம் தரவும் நிதியும் தர முன்வருகிறது. முடிவுகளைத் தாங்கள் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே வெளியிட வேண்டும் என்கிறது. தலைப்பு நல்ல தலைப்பு. என்ன செய்வது?

பதில்: ஒப்புதல் என்ற சொல் ஒப்பந்தத்தில் இருக்கும் வரை கையெழுத்திட வேண்டாம். வெளியிடுவதற்கு முப்பது நாள் முன் காட்டுகிறேன், நிறுவனத்தின் ரகசியமோ ஊழியரின் அடையாளமோ வெளிப்படுமானால் நீக்குகிறேன், முடிவை மாற்ற மாட்டேன் என்ற மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். நல்ல நிறுவனங்கள் இதற்கு இசைகின்றன.

நிறுவனத்துக்குள் நுழையக் கிடைக்கும் வாய்ப்பின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஈடித் பென்ரோஸ் 1950-களில் ஹெர்குலிஸ் பவுடர் என்ற வேதிப்பொருள் நிறுவனத்துக்குள் சென்று அதன் வளர்ச்சியை ஆராய்ந்தார். தன்னிடம் உள்ள மனிதர்களின் அறிவும் அனுபவமும் மிச்சப்படும்போதுதான் நிறுவனம் புதிய துறைகளுக்கு விரிகிறது, புதிதாக வரும் மேலாளர்கள் பழகுவதற்கு எடுக்கும் காலமே வளர்ச்சிக்கு எல்லையும் வகுக்கிறது என்று 1959-இல் வெளியான நூலில் அவர் விளக்கியதற்கு அந்தக் கள அறிவு பெரிதும் துணைநின்றது. உள்ளே போங்கள். எழுதும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: இரண்டாண்டு உழைப்புக்குப் பின் என் தரவு, கருதுகோளுக்கு நேர்மாறாக வந்திருக்கிறது. தலைப்பையே மாற்றிவிடலாம் போலிருக்கிறது.

பதில்: அவசரப்பட வேண்டாம். ஏமி எட்மன்ட்சன் முனைவர் பட்ட மாணவியாக இருந்தபோது, மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இணைந்து செயல்படும் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. தரவைப் பார்த்தால், நல்ல குழுக்களில்தான் பிழைகள் மிகுதி. இரவெல்லாம் உழைத்த ஒருவருக்கு அந்த எண்கள் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் எண்களை ஒளித்துவைக்கவும் இல்லை, தலைப்பைக் கைவிடவும் இல்லை. நல்ல குழுக்கள் அதிகப் பிழை செய்கின்றனவா, அல்லது நேர்ந்த பிழையை அச்சமின்றி வெளியே சொல்கின்றனவா என்று கேள்வியைத் திருப்பிப் போட்டார். பிழை விவரங்கள் எதையும் அறியாத ஓர் உதவியாளரை அந்தப் பிரிவுகளுக்கு அனுப்பிக் கவனிக்கச் சொன்னார். சில பிரிவுகளில் பிழையைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள், சில பிரிவுகளில் தண்டனைக்கு அஞ்சி வாய்திறக்கவில்லை. பதிவேட்டில் இருந்த பிழை எண்ணிக்கை, நடந்த பிழையின் எண்ணிக்கையாக இல்லாமல், சொல்லத் துணிந்த பிழையின் எண்ணிக்கையாக இருந்தது. பின்னர் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 பணிக்குழுக்களை ஆராய்ந்து, பிழையையோ ஐயத்தையோ வெளியே சொன்னால் தீங்கு வராது என்று குழுவினர் நம்பும் ‘உளவியல் பாதுகாப்பு’ பற்றிய கட்டுரையை 1999-இல் அவர் வெளியிட்டார். இன்று அந்தச் சொல்லை அறியாத மனிதவளத் துறை இல்லை.

உங்கள் எண்களை மறுபடி சரிபாருங்கள். பிழை ஏதும் இல்லையென்றால், நீங்கள் அளந்தது உண்மையில் எதை என்று யோசியுங்கள். இரண்டாண்டாக நீங்கள் தேடிய கேள்வி இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: நானும் புதிதாக நெறியாளர் ஆகியிருக்கிறேன். தலைப்பு இல்லாமல் ஒரு மாணவர் வந்து நின்றால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்?

பதில்: படிக்க வருவதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள், அங்கே உங்களுக்குக் கடைசிவரை விளங்காமல் போனது எது என்று கேட்பேன். எங்கும் வேலை பார்க்காதவர் என்றால், வீட்டில் யாராவது செய்யும் வேலையைப் பற்றிக் கேட்பேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர், ‘தகவல் தொழில்நுட்ப ஏற்பும் ஊழியர் செயல்திறனும்’ என்று அட்டையிட்ட கோப்போடு வந்தார். எழுபது கட்டுரைகளின் சுருக்கம் அதில் இருந்தது. வினாப்பட்டியலும் தயார். அதை மூடிவைக்கச் சொல்லிவிட்டு இதே கேள்வியைக் கேட்டேன். இரண்டாண்டு ஒரு கிடங்கில் வேலை பார்த்ததாகச் சொன்னார். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், ‘கணினியில் சரக்கு இருப்பு துல்லியமாகத்தான் ஐயா இருக்கும், ஆனாலும் மூத்த தொழிலாளர்கள் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருப்பார்கள், எதை எடுத்தாலும் அதிலும் ஒரு வரி எழுதிக்கொள்வார்கள், ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை’ என்றார்.

அந்த நோட்டில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். பார்த்ததில்லை என்றார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். ஒரு நோட்டின் நான்கு பக்கங்களை, அதன் உரிமையாளரின் அனுமதியோடு, தம் கையாலேயே பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். சரக்கின் எண்ணிக்கை அதில் ஓரிடத்திலும் இல்லை. எந்த அடுக்கின் கீழ்த்தட்டு ஆடுகிறது, எந்தப் பெட்டியை ஒருவர் தனியாகத் தூக்கக் கூடாது, எந்த வாகன ஓட்டுநர் அவசரப்படுத்துவார், யாருக்கு எந்த நாளில் யார் ஷிப்ட் மாற்றிக்கொடுத்தார் என்று எழுதியிருந்தது. கணினியில் இதற்கெல்லாம் இடமே இல்லை என்றார் அவர். பழைய கோப்பை அவர் அன்று கொண்டுவரவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த நான்கு பக்கங்களையும் மேசைமேல் விரித்துவைத்து, இதில் எந்த வரியை முதலில் தொடர்ந்து போவது என்று இருவரும் பேசத் தொடங்கினோம்.